பெட்டி நம்முடையது, சாவி யாரிடம்?

பணம் சேர்ப்பது ஒரு வித்தை. சேர்த்த பணத்தைக் கட்டிக் காப்பது அதனினும் பெரிய வித்தை. பிறர் சேர்த்த பணத்தை நான் காத்துத் தருகிறேன் என்று முன்வந்து, அந்தக் காவலையே தொழிலாக்கி, அந்தத் தொழிலாலேயே உலகின் முதல் வரிசைச் சீமானாகி, சிம்மாசனமிட்டு அமர்வது இருக்கிறதே, அது வித்தைகளுக்கெல்லாம் தலையான வித்தை!

இந்த வித்தைக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'அசெட் மேனேஜ்மெண்ட்'. ஏடுகளில் 'சொத்து மேலாண்மை' என்று எழுதுகிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறது, பொருள் எளிது. நாம் இதைப் பணக்காவல் தொழில் என்றே அழைப்போம். ஊரார் பணத்தை வாங்கி, பங்கிலும் பத்திரத்திலும் போட்டு, பெருக்கிக் காட்டி, அதற்குக் கூலி பெறும் தொழில். அவ்வளவே!

"ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து ஓடுபவர்கள் நாங்கள், அமெரிக்கச் சீமான்களின் பணப்பெட்டிக் கதை எங்களுக்கு எதற்கு?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் இருக்கிறது.

அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே சீமானின் பணம் இருக்கும். சீமாட்டியின் பணம் இருக்கும். அவற்றோடு, பள்ளி ஆசிரியரின் ஓய்வூதியமும், தீயணைப்பு வீரரின் சேமிப்பும், பேருந்து ஓட்டுநரின் முதுமைக்கால நம்பிக்கையும் அடுக்கடுக்காய் இருக்கும். உலகிலேயே பெரிய பணக்காவல் நிறுவனம் பிளாக்ராக். 2024 இறுதியில் அதன் பொறுப்பில் இருந்தது ஏறத்தாழ 11 இலட்சத்து 50 ஆயிரம் கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் மக்களின் ஓய்வுக்காலத்தைச் சார்ந்த பணம் என்று அந்த நிறுவனமே கூறிக்கொள்கிறது.

அதுவும் அமெரிக்கக் கதைதானே என்பீர்கள். இல்லை, தோழர்களே! உங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கிறார்களே பி.எஃப்., அதில் புதிதாகச் சேரும் பணத்தின் ஒரு பகுதி, 2015 ஆகஸ்ட் முதல் பங்குச் சந்தைக்கும் போகிறது. தொடக்கத்தில் நூற்றுக்கு 5. 2017 முதல் நூற்றுக்கு 15 வரை. அந்தப் பணத்தைப் பெற்று நடத்துவது எஸ்.பி.ஐ. மியூச்சுவல் ஃபண்ட் போன்ற பணக்காவல் நிறுவனங்கள். தறியில் நிற்பவரும், லேத்தில் நிற்பவரும், தாம் அறியாமலேயே பணக்காவல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆகிவிட்டார்! வாடிக்கையாளர் ஆனபின், வாணிபத்தின் முறை தெரியாமல் இருக்கலாமா?

ஆகவே இத்தொழில் முளைத்துத் தழைத்து, முறையும் முறைகேடும் கண்ட அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே நடந்ததைப் பார்ப்பது அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கும் வம்பல்ல. நம் உலையில் என்ன வேகிறது என்று அறிந்துகொள்ளும் வழி.

மார்கன் மாளிகை

ஜே.பி. மார்கன். நியூயார்க் நகரின் வால் தெருவில் ஒரு காலத்தில் ராஜாங்கமே நடத்திய பெயர். 1901 இல் எஃகு ஆலைகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி, 'யு.எஸ். ஸ்டீல்' எனும் பெருங்கம்பெனியை உருவாக்கியவர் அவர். 1907 இல் வங்கிகள் ஆட்டங்கண்டபோது, வங்கியாளர்களைத் தம் மாளிகையில் அழைத்து வைத்து, பணம் திரட்டி நெருக்கடியைத் தணித்தவர். அவர் பெயரைத் தாங்கிய ஜே.பி. மார்கன் சேஸ் இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கி. அந்த வங்கியின் ஒரு கைதான் பணக்காவல் பிரிவு. 2024 இறுதியில் அந்த ஒரு கையில் இருந்த பிறர் பணம் ஏறத்தாழ 4 இலட்சம் கோடி டாலர்!

இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு என்ன தொண்டு செய்கிறார்கள்? குறை கூறுமுன் நிறை கூறுவது நம் முறை. கூறுவோம்.

கையில் ஆயிரம் ரூபாய் உள்ளவர் ஒரே ஒரு கம்பெனியின் பங்கை வாங்குகிறார். கம்பெனி கவிழ்ந்தால் அவரும் கவிழ்ந்தார். ஆயிரம் பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் பத்து இலட்சம். அதைக் கொண்டு ஐம்பது கம்பெனிகளின் பங்கு வாங்கலாம். ஒன்று கவிழ்ந்தாலும் நாற்பத்தொன்பது நிற்கும். 1924 இல் பாஸ்டன் நகரில் 'மாசசூசெட்ஸ் இன்வெஸ்டர்ஸ் டிரஸ்ட்' எனும் அமைப்பு இந்த ஏற்பாட்டை எளியவருக்கும் திறந்துவிட்டது. வேண்டும்போது போடலாம், வேண்டும்போது எடுக்கலாம் என்ற மியூச்சுவல் ஃபண்ட் முறை அமெரிக்காவில் அங்கிருந்து வளர்ந்தது. தனி மரம் தோப்பாகாது. தனிக் காசும் அப்படியே. காசுகளைக் கூட்டித் தோப்பாக்கித் தருவது தொண்டுதான். மறுக்கவில்லை. கணக்குப் பார்ப்பது, கம்பெனிகளை ஆராய்வது, வட்டியும் இலாப ஈவும் வசூலிப்பது, ஆண்டுதோறும் அறிக்கை தருவது, யாவும் உழைப்புத்தான். உழைப்புக்குக் கூலி உண்டு என்பதை உழைப்பாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால், காவற்காரனை வேலைக்கு வைத்தவன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு உண்டு. பெட்டி எங்கே? கூலி எவ்வளவு? விசுவாசம் யாருக்கு? என் பெயரால் உன் நாக்கு என்ன பேசுகிறது? இந்த நான்கையும் கேட்டவனுக்குப் பணக்காவலன் வேலைக்காரன். கேட்காதவனுக்கு அவனே எசமான்!

பெட்டி எங்கே?

2008 செப்டம்பர் 15. லேமன் பிரதர்ஸ் எனும் பெருநிறுவனம் திவாலாயிற்று. 1850 இல் பிறந்து, ஒன்றரை நூற்றாண்டு கொடிகட்டிப் பறந்த மாளிகை மண்ணிலே சாய்ந்தது. உலகமே நடுங்கிற்று. அந்த மாளிகைக்குள் ஒரு பணக்காவல் பிரிவும் இருந்தது. நியூபெர்கர் பெர்மன் என்று பெயர். மாளிகை சாய்ந்ததும் அதனிடம் பணம் தந்த வாடிக்கையாளர்களின் சொத்தும் சாம்பலாயிற்றா? இல்லை! லேமனின் கடனாளிக் கணக்கு வேறு. வாடிக்கையாளரின் சொத்துக் கணக்கு வேறு. அந்தப் பிரிவு 2009 இல் தனியே பிரிந்து, அதில் பணியாற்றியவர்களையே பெரும்பான்மை உரிமையாளர்களாகக் கொண்டு தொழிலைத் தொடர்ந்து நடத்திற்று. வீடு பற்றி எரிந்தது; விருந்தாளியின் பெட்டி தப்பியது. காரணம், பெட்டி அந்த வீட்டுக்குள் இல்லை! முதலீடு செய்பவர் ஒருவர், பத்திரங்களைப் பாதுகாப்பவர் வேறொருவர் என்பதே இத்தொழிலின் முதல் ஒழுங்கு.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு காட்சி. பெர்னார்ட் மேடாஃப் கைதானார். அவரும் பணக்காவலர்தான். கனவான்கள், அறநிலையங்கள், ஓய்வு பெற்றோர் என்று பலரும் அவரிடம் பணத்தைக் கொடுத்தார்கள். மாதந்தோறும் அழகான கணக்குத் தாள் வந்தது. அந்தத் தாள்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 6,500 கோடி டாலர். தாளில் இருந்தது தொகை. பெட்டியில் இருந்தது காற்று! புதியவர் போட்ட பணத்தை எடுத்துப் பழையவருக்கு இலாபம் என்று கொடுத்து வந்திருக்கிறார். எப்படி முடிந்தது இது? பணத்தை முதலீடு செய்பவரும் அவரே, பாதுகாப்பவரும் அவரே, கணக்கு எழுதி அனுப்புபவரும் அவரே. கேட்க ஆளில்லை. வேலியே பயிரை மேய்ந்தது! நீதிமன்றம் 150 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2021 இல் சிறையிலேயே மாண்டார். அவர் சிறை சென்றதால், போன பணம் எல்லாம் தானே திரும்பிவிடுமா?

பெரிய பெயரைப் பார்த்து லேமனிடம் போனவர் தப்பியதும், பெரிய பெயரைப் பார்த்து மேடாஃபிடம் போனவர் தவித்ததும் நமக்குக் கற்றுத்தரும் பாடம் ஒன்றே. பெயரைப் பார்க்காதே, பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்!

கூலி எவ்வளவு?

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்பார்கள். நக்கட்டும். புறங்கையோடு நிற்கிறதா, அடையையே விழுங்குகிறதா என்பதுதான் கேள்வி.

பணக்காவலர் தம் கூலியை நூற்றுக்கு இவ்வளவு என்று கூறுவார்கள். "ஆண்டுக்கு ஒன்றரை, அவ்வளவுதான் ஐயா!" என்பார்கள். நூறில் ஒன்றரை, காதுக்குச் சின்னதாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இலட்சம் ரூபாய். ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டுகள். எவரும் கை வைக்காவிட்டால் அது 10 இலட்சத்து 6 ஆயிரம் ஆகும். ஆண்டுதோறும் ஒன்றரை கூலி போய், ஆறரை மட்டும் வளர்ந்தால்? 6 இலட்சத்து 61 ஆயிரம்! நூறில் ஒன்றரைதான் என்றார்களே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயே போயிற்று! அதே கூலி நூற்றுக்குப் பத்துப் பைசாவாக இருந்தால், 9 இலட்சத்து 78 ஆயிரம் நம் கையில் மிஞ்சும். இது கற்பனைக் கணக்குத்தான். ஆனால் கூட்டல் பெருக்கல் கற்பனையல்ல. பணம் போட்டவர் நீங்கள். நட்டம் வந்தால் தாங்குபவர் நீங்கள். முப்பது ஆண்டு பொறுத்திருந்தவர் நீங்கள். விளைச்சலில் மூன்றில் ஒன்று மட்டும் காவலுக்கு!

இந்தக் கணக்கைக் கண்டு கொதித்த அமெரிக்கர் ஒருவர் உண்டு. ஜான் போகிள். தாம் தலைமை வகித்த நிறுவனத்தாரால் 1974 இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். மூலையில் முடங்கினாரா? இல்லை. 1975 இல் வேன்கார்ட் எனும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதலாளி யார்? அதன் ஃபண்டுகளே முதலாளி; அந்த ஃபண்டுகளில் பணம் போட்டவர்கள் வழியாக, வாடிக்கையாளர்களே முதலாளி! தனி முதலாளிக்கு இலாபம் சேர்க்கும் வேலை இல்லாததால், மிச்சமானது கூலிக் குறைப்பாகத் திரும்பி வந்தது.

1976 இல் மற்றொன்றும் செய்தார். எந்தக் கம்பெனி ஏறும், எந்தக் கம்பெனி இறங்கும் என்று ஜோதிடம் பார்க்காமல், சந்தைக் குறியீட்டில் உள்ள பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் அந்தந்த அளவில் வாங்கி வைத்துவிடும் ஃபண்ட். ஆராய்ச்சிச் செலவில்லை, அடிக்கடி வாங்கி விற்கும் செலவில்லை. 15 கோடி டாலர் திரளும் என்று எதிர்பார்த்தார்கள். திரண்டது 1 கோடியே 13 இலட்சம் மட்டுமே. வால் தெருவார் கைகொட்டிச் சிரித்தார்கள். 'போகிளின் அசட்டுத்தனம்' என்று பெயர் சூட்டினார்கள். சிரித்தவர்கள் எல்லாம் பின்னாளில் அதே சரக்கைத் தம் கடையிலும் விற்கத் தொடங்கினார்கள்! 2019 இல் போகிள் மறைந்தபோது வேன்கார்ட் உலகின் இரண்டாவது பெரிய பணக்காவல் நிறுவனமாய் வளர்ந்து நின்றது.

"மலிவுச் சரக்கு மட்டமாக இருக்கும், எங்கள் மேதைகள் தேர்ந்தெடுப்பது உயர்ந்த சரக்கு" என்றார்கள் எதிர்த்தரப்பார். சரி, பந்தயம் வைப்போம் என்றார் பெருஞ்செல்வர் வாரன் பஃபெட். 2008 தொடக்கம் முதல் 2017 இறுதி வரை பத்தாண்டு. ஒருபுறம் மலிவான குறியீட்டு ஃபண்ட் ஒன்று. மறுபுறம், பெருங்கூலி வாங்கும் ஹெட்ஜ் ஃபண்டுகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்த ஐந்து ஃபண்டுகள். முடிவு? மலிவுச் சரக்கு நூற்றுக்கு 125.8 வளர்ந்தது. மேதைகளின் ஐந்தில் சிறந்தது 87.7; கடைசியில் நின்றது வெறும் 2.8! பத்தாண்டு மேதைமையின் விலை இது!

பஃபெட் சீமான், பந்தயம் வைக்கலாம். உழைப்பவர் என்ன செய்ய முடியும்? கலிஃபோர்னியாவைப் பாருங்கள். அங்கே அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு கால்பெர்ஸ் என்று பெயர். 2014 செப்டம்பரில் அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஹெட்ஜ் ஃபண்டுகளில் போட்டிருக்கும் சுமார் 400 கோடி டாலரைத் திரும்பப் பெறுகிறோம், செலவு அதிகம், சிக்கல் அதிகம்! வால் தெரு திகைத்தது. தனியொரு எழுத்தரோ ஓட்டுநரோ சென்று கேட்டிருந்தால், வாயிற்காவலனே விரட்டியிருப்பான். இலட்சக்கணக்கானோர் ஒரே பெட்டியில் பணத்தைச் சேர்த்து வைத்து, ஒரே குரலில் கேட்டபோது, கோடீசுவரர்கள் கைகட்டிக் கேட்டார்கள்!

விசுவாசம் யாருக்கு?

இப்போது மார்கன் மாளிகைக்குத் திரும்புவோம்.

ஒரு மருத்துவரிடம் போகிறீர்கள். மருந்து எழுதித் தருகிறார். அந்த மருந்தைத் தயாரிப்பதும் அவரே என்பது உங்களுக்குத் தெரியாது. அதே மருந்து அடுத்த கடையில் மலிவாகக் கிடைப்பதும் தெரியாது. நோய் தீரலாம், ஆனாலும் உங்களுக்கு எப்படி இருக்கும்?

2015 டிசம்பர் 18. அமெரிக்க அரசின் கண்காணிப்பு ஆணையங்கள் இரண்டு ஜே.பி. மார்கன் சேஸ் மீது நடவடிக்கையை அறிவித்தன. 2008 முதல் 2013 வரை நடந்த கதை. வாடிக்கையாளருக்கு எது நல்லது என்று பார்த்து முதலீடு செய்கிறோம் என்றவர்கள், தம் சொந்த ஃபண்டுகளுக்கே முன்னுரிமை தந்து வாடிக்கையாளர் பணத்தை அவற்றில் போட்டார்கள். போட்டதோடு, அந்த முன்னுரிமையை வாடிக்கையாளரிடம் முறைப்படி சொல்லவில்லை. அதே சொந்த ஃபண்டிலேயே கூலி குறைந்த வகை இருந்தும், அதிகக் கூலி வகையில் சிலரின் பணம் போடப்பட்டதையும் சொல்லவில்லை. பெருஞ்செல்வர் பிரிவிலோ, வெளியார் நடத்தும் ஹெட்ஜ் ஃபண்டுகளில், கூலியில் பங்கு திருப்பித் தரும் ஃபண்டுகளுக்கு முன்னுரிமை. அதையும் சொல்லவில்லை. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டது. மொத்தம் 30 கோடியே 70 இலட்சம் டாலர் கட்டிற்று.

கவனியுங்கள் தோழர்களே! சொந்தச் சரக்கை விற்பது குற்றம் என்று எவரும் கூறவில்லை. துணிக்கடைக்காரர் தம் கடைத் துணியைத்தான் காட்டுவார். ஆனால் அவர் 'ஊரில் உள்ள கடைகள் அத்தனையும் அலசி, உங்களுக்கு ஏற்றதை எடுத்துத் தருகிறேன்' என்று கூறிக் கூலியும் வாங்கிக்கொண்டு, தம் கடைக்கே அழைத்துப் போனால்? மறைத்ததே குற்றம். பணத்துக்கும் கடமைக்கும் மோதல் வரும்போது வாயை மூடிக்கொண்டதே குற்றம்.

பங்கு வாங்கத் தெரிந்த சீமானையே இப்படி ஏய்க்க முடிந்ததென்றால், வழக்குத் தொடுக்க வக்கற்ற எளியவன் கதி என்ன? அதனால்தான் சட்டத்தின் கண் தேவைப்படுகிறது. நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. பங்குச் சந்தை ஃபண்டில் ஒருவர் 1,000 ரூபாய் போட்டால், வாசலிலேயே 22 ரூபாய் 50 காசு வரை பிடித்து விற்பனையாளருக்குக் கமிஷனாகத் தரும் வழக்கம் இருந்தது. 2009 ஆகஸ்டில் செபி அதை ஒழித்தது. 2013 சனவரி முதல், இடையில் ஆள் இல்லாமல் நேரே போடுகிறவருக்கு 'டைரக்ட்' என்று தனி வகை வைத்தே ஆக வேண்டும் என்றும் ஆணையிட்டது. கமிஷன் செலவு இல்லாததால் அதில் கூலி குறைவு. உங்கள் மகனோ மகளோ மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று ஃபண்டில் கட்டுகிறார்களா? சீட்டை எடுத்துப் பாருங்கள். 'ரெகுலர்' என்று இருக்கிறதா, 'டைரக்ட்' என்று இருக்கிறதா? ஆலோசனை சொல்பவர் உண்மையிலேயே ஆலோசனை சொல்கிறார் என்றால் கமிஷன் கொடுப்பதில் தவறில்லை. சீட்டை எழுதியபின் முகமே காட்டாதவருக்கு, ஆண்டுதோறும் எதற்கு அளக்க வேண்டும்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டுமே!

நாக்கு யாருடையது?

கடைசிக் கேள்வி. காசைவிடக் கனமான கேள்வி.

பங்கு என்பது வெறும் காகிதமன்று. அதற்கு வாக்கு உண்டு. கம்பெனியின் இயக்குநர் யார், அவருக்குச் சம்பளம் எவ்வளவு, கம்பெனி எந்த வழியில் போக வேண்டும் என்பதெல்லாம் பங்குக்காரர் வாக்கில் இருக்கிறது. பணத்தை ஃபண்டில் போட்டவர் கோடானுகோடிப் பேர். அந்தப் பங்குகளின் வாக்கைப் போடுபவர்? பணக்காவல் நிறுவனத்தின் அறையில் அமர்ந்திருக்கும் ஒரு சிலர்! பணம் நம்முடையது, கையை உயர்த்துவது அவர்கள்.

அந்தக் கை உயர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 மே மாதம் சாட்சி. எக்ஸான் மோபில், உலகின் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளுள் ஒன்று. அதை எதிர்த்து 'என்ஜின் நம்பர் 1' எனும் சின்னஞ்சிறு ஃபண்ட் போட்டியிட்டது. எக்ஸானில் அதற்கு இருந்த பங்கு நூற்றில் 0.02 மட்டுமே! எறும்பு யானையோடு மல்லுக்கு நின்றது. எண்ணெயை மட்டும் நம்பி வருங்காலத்தை மறந்துவிட்டீர்கள் என்பது எறும்பின் வாதம். கலிஃபோர்னியாவின் அரசு ஊழியர் நிதியும் ஆசிரியர் ஓய்வூதிய நிதியும் எறும்பின் பக்கம் நின்றன. பிளாக்ராக், வேன்கார்ட் போன்ற பெரும் பணக்காவல் நிறுவனங்களும் எறும்பின் வேட்பாளர்களில் சிலருக்கு வாக்களித்தன. 12 இடங்களில் 3 எறும்புக்கு! யானை மண்டியிட்டது.

இந்த முடிவு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். நாம் கேட்பது வேறு. யானையையே மண்டியிட வைக்கும் வாக்கு அது. அதை எந்தப் பக்கம் போடுவது என்று, அந்தப் பணத்துக்குரிய கோடானுகோடிப் பேரில் எத்தனை பேரைக் கேட்டார்கள்? இந்தக் கேள்வி அமெரிக்காவிலேயே பலமாக எழுந்தது. அதன் பிறகு 2022 இல், பெரிய நிறுவன வாடிக்கையாளர்கள் விரும்பினால் தம் வாக்கின் போக்கைத் தாமே தீர்மானிக்கலாம் என்று பிளாக்ராக் வழி திறந்தது. கேட்டார்கள், திறந்தது. கேட்டிராவிட்டால்?

நம் பெட்டிக்கு வருவோம்

பி.எஃப். பணத்தில் பங்குச் சந்தைக்குப் போகும் பகுதியை நடத்தும் குறியீட்டு ஃபண்டுகளில் கூலி மிகக் குறைவு. நூறு ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்துப் பைசாவிலும் கீழே. ஏன் இவ்வளவு மலிவு? பணக்காவலருக்குப் பாட்டாளி மீது பாசமா? குறியீட்டைப் பின்பற்றும் வேலை எளிது என்பது ஒரு காரணம். கோடிக்கணக்கான தொழிலாளர் பணம் ஒரே பெட்டியாய்த் திரண்டு வருகிறது என்பது மற்றொரு காரணம். தனித்தனியே நாம் சில்லறை; சேர்ந்து நின்றால் சீமானுக்கும் மேலான வாடிக்கையாளர்! ஆலை வாசலில் கற்ற பாடம் பணப்பெட்டிக்கும் பொருந்துகிறது.

சந்தை ஏறியது இறங்கியது உங்கள் பி.எஃப். சீட்டில் நேராகத் தெரியாது. மொத்த நிதியின் வருமானத்தைப் பார்த்து ஆண்டுக்கொரு வட்டியை அறிவிக்கிறார்கள். 2024-25 ஆம் ஆண்டுக்கு நூற்றுக்கு 8.25. வட்டி வந்துவிட்டதே, வேறென்ன என்று இருந்துவிடுவது எளிது. ஆனால் மகளின் திருமணத்துக்கும், மருத்துவமனைக் கட்டிலுக்கும், வேலை ஓய்ந்தபின் இருபது ஆண்டு அடுப்பெரிவதற்கும் நம்மிடம் இருப்பது அந்த ஒரு பெட்டிதான். அதைப் பற்றி ஆண்டுக்கு ஒரு நாள் வட்டி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதுமா?

பி.எஃப். நிர்வாகத்தின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு நாற்காலி உண்டு. அந்த நாற்காலி அலங்காரத்துக்கு அல்ல. தொழிற்சங்கக் கூட்டங்களில் கூலி உயர்வு பேசுகிறோம், போனஸ் பேசுகிறோம். இனி நான்கு கேள்விகளையும் சேர்த்துப் பேசுவோம். நம் பத்திரங்கள் யாருடைய பாதுகாப்பில் இருக்கின்றன? பணக்காவலருக்கு இந்த ஆண்டு போன கூலி எவ்வளவு? அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது எந்த முறையில், யாருக்கு யார் கடமைப்பட்டவர்? நம் பணத்தில் வாங்கிய பங்குகளின் வாக்கு எந்தக் கம்பெனியில், எந்தப் பக்கம் விழுந்தது? தாம் வாக்களித்த விதத்தை ஃபண்ட் நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று செபியின் விதியே இருக்கிறது. விதி இருக்கிறது, வாசித்துக் கேட்கும் வாய்தான் வேண்டும்.

நம் காசில் வாங்கிய பங்கு, நம் போன்ற தொழிலாளியின் வேலையைப் பறிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக ஒரு கம்பெனிக் கூட்டத்தில் கை உயர்த்தினால், அந்தக் கை யாருடையது? இதைக் கேட்க நமக்கு உரிமை இல்லையா?

பணக்காவல் நிறுவனங்கள் ஒழிய வேண்டும் என்று நாம் கூறவில்லை. காவல் வேண்டும். கணக்குத் தெரிந்தவர் வேண்டும். நியாயமான கூலியும் கொடுப்போம். ஆனால் காவற்காரன் காவற்காரனாக இருக்க வேண்டும்! அவனை அப்படி இருக்கச் செய்வது அவன் நல்ல மனமல்ல; நம் விழித்த கண். கால்பெர்ஸ் கேட்டது, வால் தெரு பதில் சொன்னது. சட்டம் கேட்டது, மார்கன் மாளிகை தவற்றை ஒப்புக்கொண்டது. எறும்பு கேட்டது, யானை இடம் விட்டது.

கேட்போம். ஆளுக்கொரு மூலையில் முணுமுணுக்காமல், சங்கமாய்ச் சேர்ந்து கேட்போம். பெட்டிக்குள் இருப்பது நம் வியர்வை. சாவியை அவர்கள் கையில் வைத்திருக்கலாம். அது நாம் கொடுத்த சாவி என்பதை அவர்கள் மறக்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை!